ஊசிக்குப் பயமா, ஐசி இல்லாத பயமா?



மருத்துவம் படிக்கிற பிள்ளை உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் சொந்தத்தில் ஒன்று இருக்கும். கடனை உடனை வாங்கிப் படிக்க வைத்திருப்பீர்கள். 2021-இல் கோவிட் தடுப்பூசி வந்தபோது "போடலாமா ஐயா?" என்று பலர் முதலில் கேட்டது அந்தப் பிள்ளையைத்தான்.

அந்தப் பிள்ளைக்கே பயம் இருந்திருக்கலாம். 2020-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 168 மருத்துவ மாணவர்களிடம் கேட்டார்கள். தடுப்பூசி நல்லது என்று ஏறக்குறைய எல்லாரும் சொன்னார்கள். கோவிட் ஊசிக்கு அனுமதி கிடைத்த உடனே போட்டுக்கொள்வீர்களா என்றால், 23 விழுக்காட்டினர் மாட்டோம் என்றார்கள். இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவ மாணவர்களிடம் கேட்டதில் பத்தில் ஒருவர் தயங்கினார். பக்க விளைவு வருமோ, அவசரத்தில் செய்த ஊசியோ என்ற சந்தேகம். படிக்கிறவர்களுக்கே இப்படி என்றால், தோட்டத்து அம்மா பயந்ததை அறியாமை என்று ஏன் ஏசினார்கள்?

நான் டாக்டர் இல்லை, வக்கீல். கேள்வி கேட்பது உங்கள் உரிமை. சிகிச்சையில் உள்ள முக்கியமான ஆபத்தை நோயாளியிடம் டாக்டர் சொல்லியாக வேண்டும் என்று நமது கூட்டரசு நீதிமன்றம் ஃபூ ஃபியோ நா வழக்கில் 2006 டிசம்பரிலேயே தீர்ப்பளித்துவிட்டது. நம் பிள்ளைகள் அதைத் தமிழில் சொல்லப் பழக வேண்டும். ஆங்கிலத்தில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் பாட்டியிடம் திணறுகிறார்கள்!

இன்னொன்று, எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்காது. 2021 பிப்ரவரியில், பத்திரம் இல்லாதவர்களுக்கும் ஊசி இலவசம் என்று அரசாங்கம் அறிவித்தது. ஜூனில் குடிநுழைவுத் துறை சோதனை நடத்தி ஆட்களைப் பிடித்தது. இந்த மண்ணிலேயே பிறந்தும் பிறப்புப் பத்திரம் இல்லாமல், ஐசி இல்லாமல் நாடற்றவராக இருக்கும் நம்மவர் அதைப் பார்த்த பிறகு எந்தத் தைரியத்தில் வரிசையில் நிற்பார்? வராதவரைப் பார்த்து, "ஊசிக்குப் பயம்" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள்.

எனவே உங்கள் பிள்ளையிடம் இன்றே சொல்லி வையுங்கள். நாளை ஒருவர் ஊசி வேண்டாம் என்றால், ஏன் என்று உட்கார்ந்து கேட்கட்டும். ஐசி இருக்கிறதா என்றும் மெதுவாக, பிறர் காதில் விழாமல் கேட்கட்டும். இல்லை என்றால் எங்களிடம் அனுப்பட்டும், மனு எழுதுவது எங்கள் வேலை.