இரவுப் பயணமும் துணை விளக்கும்

(ஊராட்சி ஒன்றியக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



முன்னாளில் மாட்டு வண்டி செய்துவந்த வேலையில் பெரும் பகுதியை இன்று மோட்டார் சைக்கிள் செய்துவருகிறது. விடியுமுன்னரே பால் கேன்கள் அதன்மீதுதான் சொசைட்டிக்குச் செல்கின்றன. மல்லிகையும் சம்பங்கியும் பூச்சந்தைக்குப் போவதும், இரவில் நீர் பாய்ச்ச வயலுக்கு விரைவதும் அதன்மீதே. இவ்வேலைகள் யாவும் இருட்டில் நடப்பவை. ஆகவே கையில் சிறிது பணம் சேர்ந்ததும் நம் இளைஞர்கள் வண்டிக்கு இரண்டு துணை விளக்குகளை வாங்கிப் பொருத்துவது இயல்பே. அதைக் குறை கூற நாம் வரவில்லை. எந்த விளக்கை, எங்கே, எவ்வளவு சாய்த்துப் பொருத்துவது என்பது பற்றியே பேச விரும்புகிறோம். தவறாகப் பொருத்திய விளக்கு, ஓட்டுகிறவருக்கு வழி காட்டுவதைக் காட்டிலும் எதிரே வருகிறவரின் வழியை மறைப்பதிலேயே அதிக வல்லமை காட்டுகிறது.

முதலில், நமக்கு எவ்வளவு தூரம் தெரிய வேண்டும் என்று கணக்கிடுவோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. சாலையில் ஒரு பொருளைக் கண்டு, இன்னதென்று உணர்ந்து, பிரேக்கை அழுத்துவதற்குள் ஒன்றரை விநாடி கழிந்துவிடும். அதற்குள் 25 மீட்டர் போய்விடுகிறோம். உலர்ந்த தார்ச் சாலையில், பிரேக் நன்றாக இருந்தால், வண்டி நிற்க மேலும் 28 மீட்டர் ஆகும். ஆக 53 மீட்டர். வேகம் 40 ஆனால் 29 மீட்டரில் நின்றுவிடலாம். அறுவடைக் காலத்தில் நாமே சாலையில் நெல்லைப் பரப்பி, ஓரத்தில் கருங்கற்களை வரிசையாக வைக்கிறோம். பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர் சாலையோரம் நின்றுகொண்டிருக்கும். எருமை நடுவே படுத்திருக்கும். இவை ஒளியைத் திருப்பி அனுப்பாதவை. 30 மீட்டருக்கு அப்பால் காட்டாத விளக்கை வைத்துக்கொண்டு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர், தாம் காணாத இடத்தை நோக்கியே போகிறார்.

புதிய விளக்கு வாங்குமுன் பழைய விளக்கைக் கவனிக்க வேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் உள்ளது 12 வோல்ட், 35 வாட் ஹாலஜன் பல்பு. துருவேறிய இணைப்பு, மெல்லிய ஒயர் இவற்றின் காரணமாகப் பல்புக்குக் கிட்டும் வோல்ட் 10 சதவிகிதம் குறைந்தால், ஒளி ஏறக்குறைய 30 சதவிகிதம் குறைந்துவிடுகிறது! இணைப்புகளைச் சுரண்டித் துடைத்து, மஞ்சளித்த கண்ணாடியை மாற்றினாலே பாதி குறை தீரும். சிலர் ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு அதே கிண்ணத்தில் எல்.இ.டி. பல்பைச் செருகுகிறார்கள். கிண்ணத்தின் வளைவு ஹாலஜன் இழை நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. ஒளி பிறக்கும் இடம் மாறினால் கதிர் சிதறி மரக்கிளையெல்லாம் வெளிச்சமாகும். சாலை அந்த அளவுக்குத் தெரியாது.

இனித் துணை விளக்கு. இரண்டு மடங்கு தூரம் காண வேண்டுமானால் நான்கு மடங்கு ஒளி தேவை என்பது இயற்கை விதி. எனவே வாட்டை ஏற்றிக்கொண்டே போவதில் முடிவே இல்லை. நமக்கு வேண்டியது அகலமாகப் பரவி, மேல் விளிம்பு நேர்கோடாக அறுந்து நிற்கும் ஒளியே. கடையிலேயே சுவரில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். கோடு தெளிவாக இல்லாமல் வட்டமாகச் சிதறினால் அதை வாங்க வேண்டாம். ‘போகஸ் லைட்’ என்று விற்கப்படும் தேடு விளக்குகளை வாகனத்தின் முன்புறம் பொருத்துவதை 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளே தடுக்கின்றன. வாகனத்தில் எதை மாற்றினாலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு சொல் கேட்டுக்கொள்வது நல்லது. மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்றொரு நம்பிக்கையும் உண்டு. பிரான்சு நாட்டினர் 1993 வரை மஞ்சள் முகப்பு விளக்கையே கட்டாயமாக்கி வைத்திருந்து, பின்னர் விட்டுவிட்டார்கள். பனியில் உதவுவது நிறத்தைவிட, விளக்கு தாழ்ந்திருப்பதே. பனித்துளிகளில் பட்டுத் திரும்பும் ஒளி அப்போது கண்ணுக்கு நேரே வராது. ஆகையால் காப்புக் கம்பியில், முகப்பு விளக்குக்குக் கீழே, இருபுறமும் ஒரே உயரத்தில் பொருத்துக.

சாய்வுதான் தலையாய விஷயம். சமதரையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிமிர்த்தி நிறுத்துங்கள். விளக்கு தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். ஒளியின் மேல் விளிம்பு சுவரில் 50 சென்டிமீட்டர் உயரத்தில் விழுந்தால், அது 60 மீட்டர் தூரத்தில் தரையைத் தொடும். முன்சொன்ன 53 மீட்டருக்கு அது போதும். 40 சென்டிமீட்டரில் விழுந்தால் 30 மீட்டரிலேயே தரையைத் தொட்டுவிடும். அருகில் மட்டும் பளீரென்றிருக்க, கண் அதற்கே பழகித் தொலைவைக் காணாது.

இக்கணக்கைப் பால் கேன் ஒரு நொடியில் கெடுத்துவிடும் என்பதை எவரும் சொல்வதில்லை. பின்புறம் பாரம் ஏறியதும் வண்டியின் முன்புறம் நிமிர்கிறது. ஒரே ஒரு பாகை நிமிர்ந்தாலும் 10 மீட்டரில் ஒளி 17 சென்டிமீட்டர் மேலேறும். கீழ்நோக்கியிருந்த கதிர் இப்போது வானம் பார்க்கும்; எதிரே சைக்கிளில் வரும் முதியவரின் கண்ணையும் பார்க்கும். கூசிய கண் தெளியச் சில விநாடிகள் ஆகும். வயதானவர்க்கு இன்னும் அதிகம். அந்த விநாடிகளில் அவர் சாலையின் விளிம்பை விட்டு வாய்க்காலில் இறங்கலாம், அல்லது நம் வண்டியின் முன்னேயே வரலாம். விளக்கின் முன்னே 8 மீட்டர் தூரத்தில், வாகனத்தின் வலப்புறம் அரை மீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசச் செய்யலாகாது என்று மேற்சொன்ன விதிகள் அளவிட்டே கூறுகின்றன. அது ஏறத்தாழ நிற்கிற மனிதனுடைய கண்ணின் உயரம். ஆதலின் வழக்கமாக ஏற்றும் பாரத்தை ஏற்றி, ஆளும் ஏறி அமர்ந்த பின்னரே சாய்வைத் திருத்த வேண்டும்.

ஒயர் வேலையைத் தெரிந்த மெக்கானிக்கிடமே விடுங்கள். இரண்டு விளக்கும் சேர்ந்து 40 வாட் என்றால் 3.3 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். சிறு வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் கொள்ளளவு 3, 4 ஆம்பியர் மணியே. எஞ்சினை நிறுத்திவிட்டு விளக்கை எரியவிட்டால் ஒரு மணி நேரத்தில் சாதனம் ஓய்ந்துவிடும். ரிலே ஒன்றும், பாட்டரிக்கு அருகிலேயே 5 ஆம்பியர் பியூசும் கட்டாயம் வேண்டும். கைப்பிடியில் கட்டை விரலுக்கு எட்டும்படி தனி சுவிட்ச் இருக்கட்டும். பாரம் வழக்கத்தைவிட மிகுந்த நாளில் எதிரே ஆள் வரக் கண்டால் அணைத்துவிடலாம்.

இங்குள்ள ஊராட்சித் தலைவர்களிடம் ஒரு யோசனையை வைக்கிறோம். பால் சொசைட்டியின் சுவரில் தரையிலிருந்து 50, 60, 70 சென்டிமீட்டர் உயரங்களில் மூன்று கோடுகளை வெள்ளைச் சுண்ணாம்பால் இழுத்து, 10 மீட்டர் தள்ளித் தரையிலும் ஒரு கோடு போட்டுவைக்கலாம். செலவு ஒரு வாளிச் சுண்ணாம்பு. விடியுமுன் இருட்டிலேயே, கேன்கள் நிரம்பிய நிலையில், வண்டிகள் தாமாகவே அங்கு வந்து நிற்கின்றன. அளவை ஊற்றும் வரிசை நகர்வதற்குள் ஒரு ஸ்பானரைக் கொண்டு சாய்வைத் திருத்திவிடலாம்.