வளர்ப்புக்கு ஒரு வகுப்பு



பதின்ம வயதுப் பிள்ளை தடம் மாறினால், "வளர்ப்பு சரியில்லை" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். சரியான வளர்ப்பைக் கற்றுக்கொடுக்க நம்மில் எத்தனை பேர் முன்வந்தோம்?

அமெரிக்காவில் சிலர் முன்வந்தார்கள். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஜீன் பிராடி குழுவினர், அம்மாநிலக் கிராமப்புறக் கறுப்பினக் குடும்பங்களை அழைத்தார்கள். உழைத்தும் வறுமை விலகாத வீடுகள் பல. பிள்ளைகளுக்கு வயது 11. வகுப்பு வாரம் ஒருமுறை, ஏழே வாரம். முதலில் பெற்றோர் ஓரறையில், பிள்ளைகள் வேறறையில். பிறகு எல்லோரும் ஒன்றாக.

சொல்லிக்கொடுத்தது என்ன? வீட்டு விதியைத் தெளிவாகச் சொல். சொன்னதில் உறுதியாக நில். பிள்ளை எங்கே, யாரோடு இருக்கிறான் என்று அறிந்துவை. அவன் பேசினால் காதுகொடு. நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தினால் தலைநிமிர்ந்து நிற்கப் பழக்கு. இவ்வளவுதான்!

அந்தப் பிள்ளைகளுக்கு 25 வயதானபோது, 119 பேரின் மூளையை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். ஒப்பீட்டுக்காக வகுப்பு தரப்படாத குழுவில், 11 முதல் 18 வயதுக்குள் வறுமையில் கழிந்த ஆண்டுகள் கூடக்கூட, நினைவாற்றலுக்குத் துணைநிற்கும் ஹிப்போகேம்பஸின் சில பகுதிகளும், அச்சத்தை உணர்த்தும் அமிக்டலாவும் சிறுத்திருந்தன. வகுப்புக்கு வந்த குழுவில் அந்தத் தொடர்பே காணப்படவில்லை! 2017-இல் 'ஜாமா பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் அச்சான ஆய்வு இது.

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஒரே ஆய்வு, அதிலும் மூளைப் படம் எடுத்தது வளர்ந்த பிறகுதான். வறுமையை ஒழிக்கும் கடமையிலிருந்து எந்த அரசும் இதைக் காட்டி நழுவ முடியாது. ஆனால் வறுமை ஒழியும்வரை பிள்ளையின் வயது காத்திருக்குமா?

கூலி வேலை முடித்துக் களைத்து வரும் தாயிடம் "பிள்ளையைக் கவனி" என்று அறிவுரை சொல்வது எளிது. அவளை உட்காரவைத்து, வழி சொல்லி, துணைநிற்பதே உதவி. பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது போதும்.

நம் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் நடக்கிறது. மதிப்பெண்ணை வாசிக்கிறோம், கையெழுத்து வாங்குகிறோம், அனுப்பிவிடுகிறோம். பள்ளி மேலாண்மைக் குழுக்களே, ஊர் நூலகங்களே, உங்களிடம் கேட்கிறேன்: ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்காக ஆண்டுக்கு ஏழு மாலைகளை ஒதுக்குங்கள். வேலை முடிந்து வரும் நேரத்தில் வையுங்கள். பிள்ளைகளையும் உடன் அழையுங்கள். இந்த ஆண்டே தொடங்குங்கள்!