எந்த வண்டி எந்த வகுப்பு?

பதுளை மாவட்டத்துத் தியத்தலாவையில், மலைச்சரிவொன்றிலே வெண்கற்களால் ஆகிய நரியின் உருவம் காணப்படுகின்றது. 'பொக்ஸ்' என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலின் மாலுமிகள் அமைத்தது அது. பொக்ஸ் ஹில் என்ற அம்மலையின் பெயராலேயே அங்கு மோட்டார்ப் பந்தயமும் நடந்து வந்திருக்கின்றது. சுற்றியுள்ள தேயிலைத் தோட்டத்து இளைஞர் பலருக்கு மோட்டார் சைக்கிள் பந்தயம் என்றால் நினைவுக்கு வருவது அந்தச் செம்மண் தடமே.

பந்தயத்துக்கு வரும் வண்டிகள் யாவும் ஒருங்கே ஓடுவதில்லை. சிலிண்டரின் கொள்ளளவே முதல் அளவுகோல். 1949இல் உலகச் சாம்பியன் போட்டி தொடங்கியபோது 125, 250, 350, 500 சி.சி. என வகுத்தனர். பெரிய எந்திரத்தின் வலிமையை ஓட்டுபவனின் திறமை என்று மயங்காதிருக்கவே இந்த ஏற்பாடு.

கொள்ளளவு மட்டும் போதுமா? போதாது. இருவீச்சு எந்திரம் சுழற்சிக்கு ஒருமுறை எரிபொருளை எரிக்கும். நால்வீச்சு எந்திரமோ இரு சுழற்சிக்கு ஒருமுறைதான். ஆகையால் கரடுமுரடான தடங்களில் ஓடும் மோட்டோகுரொஸ் பந்தயத்தில் 250 சி.சி. இருவீச்சு வண்டியோடு 450 சி.சி. நால்வீச்சு வண்டியும் சமமாக நிற்கின்றது. கேட்பவருக்கு இது அநீதியாகத் தோன்றும், கணக்கு அப்படியன்று.

கடையில் வாங்கிய வண்டியை மாற்றாமல் ஓட்டுவோருக்கு 'ஸ்டாண்டர்ட்' வகுப்பு உண்டு. தோட்டத்து லயத்திலிருந்து அன்றாடம் வேலைக்குச் செல்லும் வண்டியையன்றி வேறொன்றில்லாதவன் நுழையக்கூடிய வாயில் அதுவே. அங்கேதான் ஒரு சிக்கலும் இருக்கின்றது. துளை 54 மில்லிமீற்றர், வீச்சு 54 மில்லிமீற்றர் உள்ள எந்திரத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 123.7 சி.சி. சிலிண்டர் தேய்ந்துவிட்டதென்று கராஜில் அரை மில்லிமீற்றர் 'போர்' செய்தால், அது 126ஐ நெருங்கிவிடும். ஏமாற்றும் எண்ணம் சிறிதும் இல்லாதவனே 125 சி.சி. வகுப்பின் எல்லையைத் தாண்டிவிடுகின்றான்! இத்தகைய திருத்தத்துக்குச் சலுகை தரும் விதிகள் உண்டு, தராதவையும் உண்டு. பெயர் பதியுமுன் அதைக் கேட்டறிவது ஓட்டுபவனின் பொறுப்பு. வென்ற பின் எவரேனும் ஆட்சேபித்தால் எந்திரத்தைத் திறந்து அளப்பார்கள். அப்போது சொல்லும் காரணம் எடுபடாது.

ஓடுபவருக்கு விதி இருப்பதுபோல, பார்ப்பவர் நிற்கும் தூரத்துக்கும் விதி வேண்டும். 2024 ஏப்ரல் 21ஆம் நாள் பொக்ஸ் ஹில்லில் கார் ஒன்று தடம் விலகிக் கூட்டத்திற் பாய்ந்தது. ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் ஒரு சிறுமியும் இருந்தாள். அந்தக் கார் எந்த வகுப்பைச் சேர்ந்தது என்ற வினாவுக்கு அவ்விடத்தில் பொருளே இருக்கவில்லை.