பிள்ளைகள் எழுதிய கருத்து
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சிறுவர் உழைப்பைப் பற்றிக் கற்பிக்கலாமா? பிஞ்சு உள்ளங்களிலே துயரக் கதைகளைப் புகுத்தலாமா? எமது ஞாயிறு வகுப்பிலே இப்பாடத்தைத் தொடங்கியபோது பெரியோர் சிலர் இவ்வாறு வினவினர். அதற்கு இன்று விடை கூற விரும்புகின்றோம்.

நாம் வாசிக்கக் கொடுத்தது இக்பால் மசீயின் வரலாறு. 1983 ஆம் ஆண்டிலே பாக்கிஸ்தானிற் பிறந்த அவன், குடும்பம் பட்ட சிறு கடனுக்கு ஈடாக நான்கு வயதிலேயே கம்பளத் தறியில் அமர்த்தப்பட்டான். பத்து வயதளவில் விடுதலை பெற்றுப் பள்ளி சென்றான்; பிற சிறுவரின் விடுதலைக்காகவும் பேசினான். 1994 இல் அமெரிக்காவின் குவின்சி நகரப் பாடசாலை ஒன்றிலே பேசினான். 1995 ஏப்ரல் 16 ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவனுக்கு வயது 12. குவின்சிப் பிள்ளைகளோ அழுததோடு அமைந்தாரல்லர். கடிதங்கள் எழுதி நிதி திரட்டி, அவன் நாட்டிலே பாடசாலை ஒன்று எழச் செய்தனர்.

வாசித்தபின், "உங்கள் கருத்தை எழுதுங்கள்" என்றோம். ஏறக்குறைய எல்லாரும் ஒரே வாக்கியத்தையே எழுதினர்: "சிறுவர் உழைப்புத் தீயது." அவர்கள்மீது குறையில்லை. மிஷன் பாடசாலையிலே பயின்ற நாமும் வாசித்ததைத் திருப்பி எழுதவே பழகியிருந்தோம். நீ என்ன நினைக்கின்றாய் என்று எம்மை ஒருவரும் கேட்டிலர்.

ஆதலின் மூன்று வினாக்களைக் கரும்பலகையில் எழுதினோம். ஏன் தீயது? கதையில் எவ்விடம் அதனைக் காட்டுகின்றது? மறுத்துப் பேசுபவர் என்ன சொல்வார்? அதன் பின்னரே பிள்ளைகள் சிந்தித்து எழுதலாயினர்.

"இக்பால் போகாவிட்டால் வீட்டுக்கடனை யார் கட்டுவது?" என எழுதினான் ஒருவன். "அவன் வேலை செய்யச் செய்யக் கடன் கூடியதே! பிறகு எப்படிக் கட்டி முடிப்பது?" எனக் கதையைக் கொண்டே மறுத்தாள் மற்றொருத்தி. "பின்னேரத்தில் அப்பாவின் கடையில் நிற்கிறேன், அதுவும் பிழையா?" என்றான் இன்னொருவன். கல்வியையும் உடல்நலத்தையும் பறிக்கும் வேலை வேறு, வீட்டாருக்குச் செய்யும் சிறு உதவி வேறு என்பதை வகுப்பே பேசித் தெளிந்தது.

இறுதியில் ஒரு சிறுமியின் தாள் எம் கைக்கு வந்தது. "எங்கள் மாமி வீட்டில் வேலைக்கு நிற்கும் அக்காவுக்கு 13 வயது. அவ எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறா, அண்ணா?"

நாம் வாயடைத்து நின்றோம். அத்தகைய கைகள் பரிமாறிய சோற்றை நாமும் உண்டிருக்கின்றோம். ஒருநாளேனும் இவ்வாறு கேட்டோமில்லை.

அன்பர்களே! நம் நாட்டிலே 2021 ஆம் ஆண்டில் வேலைக்கமர்த்தும் குறைந்த வயது 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. உலகிலே 2024 இல் ஏறத்தாழ 13 கோடியே 80 இலட்சம் சிறுவர் உழைப்பில் இருந்தனர் எனச் சர்வதேச தொழில் தாபனமும் யுனிசெவ்வும் மதிப்பிட்டன. இவ்வெண்ணைப் பிள்ளைகள் மறந்துவிடக்கூடும். மாமி வீட்டு அக்காவை மறவார்.

பிஞ்சு உள்ளங்களுக்கு இப்பாடம் தகுமா என்று கேட்டீர்கள். அவ்வுள்ளங்கள் இதனை நமக்கு முன்னரே கண்டுவிட்டன; சொல்வதற்குத்தான் வழி இருக்கவில்லை. அச்சிறுமியின் வினாவிற்கு விடை சொல்லவேண்டியவர் நாமும் நீங்களுமே. நம்மவர் வீடுகளில் அத்தகைய பிள்ளை இருப்பின், அவளைப் பெற்றோரிடம் சேர்த்துப் பள்ளிக்கு அனுப்ப இச்சங்கம் துணைநிற்கும் என இன்றே தீர்மானிக்குமாறு வேண்டி அமர்கின்றோம்.