எண்ணெய்ச் சட்டி இல்லாத வறுவல்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் இரவு ஷிப்ட் முடித்து அறைக்குத் திரும்புகிறவர்களுக்கு, அடுப்பருகே நின்று வறுக்கத் தெம்பு இருக்காது. ஏர் ஃபிரையர் அவர்களுக்கு உண்மையிலேயே கைகொடுக்கும்.

பிலிப்ஸ் நிறுவனம் 2010-இல் பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய கருவி இது. பெயரில்தான் பொரிப்பு, உள்ளே மின்விசிறி சுடுகாற்றைச் சுழற்றி, உணவின் மேற்பரப்பு ஈரத்தை வேகமாக உலர்த்துகிறது. வாழைக்காய், சேனைக்கிழங்கு, மசாலா தடவிய மீன் எல்லாம் ஒரு தேக்கரண்டி எண்ணெயிலேயே முறுகிவிடும். பஜ்ஜி மட்டும் வேண்டாம், மாவு வழிந்துவிடும்.

1,400 வாட் கருவி 15 நிமிடம் முழுதாக ஓடினாலும் 0.35 யூனிட்தான்.

கூடையைத் திணித்து நிரப்பாதீர்கள். பாதியில் ஒருமுறை குலுக்கிவிடுங்கள். வாடகை அறையில் 16 ஆம்பியர் பிளக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.