சிரித்து நிற்பவர்கள்

பிற மாநிலத்தில் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் வகுப்பில் வாய் திறக்கிறான். அவனுடைய இந்தி உச்சரிப்பை ஒருவன் அப்படியே பேசிக் காட்டுகிறான். ‘மதராசி’ என்று பெயரும் சூட்டுகிறான். வகுப்பு முழுவதும் சிரிக்கிறது. கேலி செய்தவன் ஒருவனே. அவனை மறுநாளும் செய்யத் தூண்டுவது அந்தச் சிரிப்பு.

பின்லாந்து நாட்டு உளவியலறிஞர் கிறிஸ்டினா சால்மிவல்லியும் அவருடன் பணியாற்றியோரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவுபடுத்திற்று. துன்புறுத்துபவன், துன்புறுபவன் என்னும் இருவரோடு இச்செயல் முடிவதில்லை. உடன் கைகொடுப்பவன், சிரித்து ஊக்குபவன், ஒதுங்கிச் செல்பவன், துன்புறுபவன் பக்கம் நிற்பவன் என வகுப்பில் மிகப் பலருக்கு அதில் பங்குண்டு. சிரிப்போர் அனைவரும் கொடியவரல்லர். எதிர்த்தால் அடுத்த கேலி தம்மீது விழுமோ என்னும் அச்சமே பலருடைய வாயைக் கட்டுகிறது.

கல்லூரி விடுதிகளில் ‘ராகிங்’ வேரூன்றியதும் இவ்வாறே. சென்ற ஆண்டு பட்டவன் இவ்வாண்டு படுத்துகிறான். மாமியாரிடம் பட்ட மருமகள் பின்னர் மாமியாரான கதைதான்! 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொலையுண்டார். அதன்பின் 1997-இல் தமிழ்நாட்டில் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் நாடு முழுமைக்கும் விதிகள் வகுத்தது. அவ்விதிகளில் 2016-இல் சேர்க்கப்பட்ட திருத்தம் நமக்கு மிக வேண்டியது. ஒரு மாணவரை அவர் பேசும் மொழி, பிறந்த இடம், நிறம், சாதி போன்றவற்றைக் காட்டி இழிவுபடுத்துவதும் ஒதுக்கி வைப்பதும் ராகிங்கே என்று அது கூறுகிறது. முறையிட விரும்பும் கல்லூரி மாணவர் 1800-180-5522 என்னும் கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இவ்விதிகள் பொருந்தா. அங்கே வீடுதான் முதல் துணை. மாலையில், “உன்னை யாரேனும் கேலி செய்தார்களா?” என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் “இல்லை” என்ற விடையே வரும். “இன்று யார் தனியாக அமர்ந்து உண்டான்?” என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வளரும். வடகிழக்கிலிருந்து வந்த மாணவனைக் கண்டு வகுப்பு நகைத்தபோது நம் பிள்ளையும் சேர்ந்து நகைத்திருக்கலாம். தன்மீது விழுந்த கேலி வேறொருவன் பக்கம் திரும்பினால் யாருக்குத்தான் ஆறுதலாயிராது?

அவன் எழுந்து நின்று சண்டையிட வேண்டுவதில்லை. பத்து வயதுப் பிள்ளையிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமன்று. அந்த ஒரு கணம் சிரிக்காதிருக்கட்டும். பின்னர் உணவு வேளையில் தன் டிபன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அம்மாணவன் அருகில் சென்று அமரட்டும்.