சீட்டு எடுப்பதற்கு முன்னால்

2006 நவம்பர் 10ஆம் தேதி கொழும்பில் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் சுட்டுக் கொல்லப்பட்டார். பத்து வருஷம் கழித்து, 2016 டிசம்பர் 24 அன்று, ஏழு பேர் கொண்ட ஜூரி, எதிரிகள் ஐவரும் குற்றவாளிகள் இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. எதிரிகளில் கடற்படையினரும் இருந்தார்கள். ஜூரி சிங்களம் பேசுவோர் ஜூரி. எந்த மொழி பேசுகிறவர்கள் பட்டியலிலிருந்து ஜூரியை எடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமையை இலங்கைச் சட்டம் எதிரிக்கே கொடுத்திருக்கிறது. எதிரி தரப்பு அந்த உரிமையைப் பயன்படுத்திக்கொண்டது. அதே வருஷம் ஜூலையில், 1996இல் திருகோணமலை மாவட்டம் குமாரபுரத்தில் தமிழர்கள் கொல்லப்பட்ட வழக்கு அநுராதபுரத்தில் ஜூரி முன் முடிந்தது. ராணுவத்தினர் ஆறு பேரும் விடுதலை. அந்த ஜூரிகள் சாட்சியத்தைத் தப்பாக எடைபோட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஜூரி காரணம் எழுதுவதில்லை. எப்படி எடைபோட்டார்கள் என்பது வெளியே இருக்கும் எவருக்கும் தெரியாது. நான் கேட்பது வேறு. மக்கள் மனம் இரண்டாகப் பிளந்து நிற்கும் ஒரு வழக்கில், எதிரி தரப்பு வக்கீலின் சாமர்த்தியத்துக்கு எதுவரை இடம் கொடுக்கலாம்?

ஜூரி பொறுக்குவது என்றதும் அமெரிக்கப் படங்களில் வரும் வக்கீல்தான் நினைவுக்கு வருவார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டு, பிடிக்காதவரைத் தள்ளிவிடுவார். உண்மையில் அந்தக் கேள்விகளைவிட, யார் யார் கூப்பிடப்பட்டார்கள் என்பதுதான் பெரிய விஷயம். நம் பக்கத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. மீஞ்சூருக்கு வடக்கே பழவேற்காடு ஏரியில் பாடு முறை என்று ஒன்று உண்டு. இறாலுக்கு வலை கட்டும் நல்ல இடங்களை மீனவர்கள் சீட்டுப் போட்டுப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். சீட்டில் சூது கிடையாது. ஆனால் சீட்டில் பெயர் வரவேண்டுமானால் அதற்கு உரிமை உள்ள ஊரில், உரிமை உள்ள தலைக்கட்டாக இருக்கவேண்டும். அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கிறவருக்குச் சீட்டு எவ்வளவு நேர்மையாக எடுக்கப்பட்டால்தான் என்ன? ஏரியில் நடந்த தகராறுகளில் பல அந்த வட்டத்தைப் பற்றியவை.

சென்னையில் ஜூரி இருந்த காலத்தையும் பார்ப்போம். 1898ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி உயர் நீதிமன்றத்தில் ஒன்பது பேர் ஜூரி. சீட்டு எடுத்துப் பெயரை உரக்கக் கூப்பிடுவார்கள். ஆள் வந்து நின்றதும், இவர் உங்களை விசாரிப்பதில் ஆட்சேபம் உண்டா என்று எதிரியிடம் கேட்பார்கள். காரணமே சொல்லாமல் எட்டுப் பேரைத் தள்ளலாம். எதிரிகள் எத்தனை பேர் இருந்தாலும் அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து எட்டுத்தான். அரசுத் தரப்புக்கும் அதே எட்டு. பட்டியலில் பெண்கள் கிடையாது. 1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலையானார், அந்த வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கூண்டில் ஏறினார்கள். இருவரும் நடித்த 'ஹரிதாஸ்' படம் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த இருவரைப் பற்றி ஏற்கெனவே ஓர் அபிப்பிராயம் இல்லாத ஆளை இந்த நகரத்தில் எங்கே தேடிப்பிடிப்பது? எட்டுப் பேரைத் தள்ளினாலும் ஒன்பதாவதாக வருகிறவரும் பாகவதர் பாட்டைக் கேட்டவராகவோ, லட்சுமிகாந்தன் பத்திரிகையைப் படித்தவராகவோதான் இருந்திருப்பார். ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் ஜூரி அவர்களைக் குற்றவாளிகள் என்றது. நீதிபதி ஒத்துக்கொண்டால் தண்டிப்பதற்குச் சட்டம் கேட்ட குறைந்தபட்ச எண்ணிக்கையே ஆறுதான். 1947இல், பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பிய பிறகு, உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது.

வக்கீலின் கடமை கட்சிக்காரரைக் காப்பது, கதவு திறந்திருந்தால் அவர் நுழையத்தானே செய்வார் என்று கேட்கலாம். சரிதான், நான் வக்கீலைக் குறை சொல்லவில்லை. ஊரே வெறுக்கும் ஓர் எதிரிக்கு, பகைமை உள்ளவரைத் தள்ளும் உரிமை கட்டாயம் வேண்டும். ஆனால் ஒருவரைத் தள்ளுவது ஒன்று, ஒரு கூட்டத்தையே தள்ளுவது இன்னொன்று. அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டது. நிறத்தைப் பார்த்து ஜூரரைத் தள்ளக்கூடாது என்று 1986இல் அரசு வக்கீலுக்குச் சொன்னது, 1992இல் அதையே எதிரி தரப்பு வக்கீலுக்கும் சொன்னது. மொழியைச் சாக்காக வைத்து ஓர் இனத்தையே பட்டியலோடு வெளியே நிறுத்த இலங்கைச் சட்டம் வழிவிடுகிறது. எதிரிக்குப் புரியும் மொழியில் விசாரணை நடக்கவேண்டாமா என்றால், வேண்டும். அதற்கு மொழிபெயர்ப்பாளர் போதும். செத்தவரின் மொழி பேசும் ஒருவர்கூட அந்த ஏழில் வர முடியாதபடி செய்யத் தேவையில்லை.

அப்படியானால் ஜூரியை ஒழித்த நம் நாடு தப்பித்துவிட்டதா? 1973ஆம் வருஷச் சட்டம் ஜூரியை அடியோடு எடுத்துவிட்டது. நீதிபதிக்கும் சாதி உண்டு, மதம் உண்டு, அவரும் பேப்பர் படிக்கிறார். ஆனாலும் அவர் காரணம் எழுதியாக வேண்டும். எழுதியதை மேல்கோர்ட்டு வரி வரியாகப் பார்க்கும். ஊர்க்கொதிப்பு அதிகம், இங்கே நியாயம் கிடைக்காது என்று பயப்படுகிறவர் இன்றைக்கும் வழக்கை வேறு ஊருக்கு மாற்றக் கேட்கலாம். பொன்னேரி கோர்ட்டில் நடக்கும் வழக்காக இருந்தாலும், ஏன் மாற்றவேண்டும் என்பதை மனுவில் எழுதிக்கொடுக்கவேண்டும், எதிர்த்தரப்பு அதற்குப் பதில் சொல்லும், அதற்குப் பிறகே உத்தரவு. கொழும்பில் ஜூரியின் மொழியைக் கேட்டு வாங்கிய எதிரி, ஏன் என்று ஒரு வரிகூட எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.